சுனாமியின் காந்தச் சுவட்டை ஆய்வகத் தரவில் தேடிப் பிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ராயபுரத்தில் ஒரு மாடி அறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் செய்முறை சொல்லித் தருகிறேன். அங்கே பலரும் ஆசையாகத் தொடங்கி, பலரும் ஒரே இடத்தில் வழுக்கி விழுந்த பயிற்சி இது. சுனாமி கடலைக் கடக்கும்போது பூமியின் காந்தப்புலத்தில் உண்டாகும் மிகச் சின்ன மாற்றத்தை, இலவசமாகக் கிடைக்கும் ஆய்வகத் தரவில் தேடிப் பிடிப்பதுதான் வேலை.

நடப்பது என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உப்புநீர் மின்சாரம் கடத்தும். அது பூமியின் காந்தப்புலத்துக்குள் நகரும்போது, சைக்கிள் டைனமோவில் போல, நீருக்குள் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டம் தானும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. காற்று கிளப்பும் அலையில் மேல்நீர் மட்டும்தான் ஆடும். சுனாமியில் அடித்தரை வரை மொத்த நீரும் சேர்ந்து நகரும். அதனால்தான் அதன் காந்தச் சுவடு அளக்கும் அளவுக்கு வருகிறது.

பிள்ளைகள் வழுக்குகிற இடம், தரவு கைக்கு வந்ததும் ஃபில்டர் (வேண்டாத ஏற்ற இறக்கங்களை நீக்கும் கணக்கு) போட்டுப் பார்ப்பது. எந்தத் தரவிலும் ஃபில்டர் போட்டால் அலை தெரியும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். கணக்கு முதலில், நேரம் அடுத்து, வானத்தின் சத்தம் (வானத்திலிருந்து வரும் காந்தத் துடிப்பு) அப்புறம், ஃபில்டர் அதற்கும் பிறகு.

1. கைபேசியை உள்ளே வையுங்கள்

ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது காந்தமானி செயலியோடு காசிமேட்டுக்குப் போய்விட்டு வருவார். போன வருடம் ஒரு பையனோடு நானும் போனேன். மீன்பிடித் துறைமுகத்து மதில்மேல் கைபேசியை வைத்தான். 41 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) காட்டியது, சரியான எண்தான். பத்து நிமிடத்தில் அது 44 ஆனது. "சார், ஏறுது சார்!" என்று கத்தினான். திரும்பிப் பார்த்தால், ஐஸ் ஏற்றி வந்த லாரி பின்பக்கமாக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

41 மைக்ரோடெஸ்லா என்றால் 41,000 நானோடெஸ்லா. நாம் தேடுவது ஏறத்தாழ 1 நானோடெஸ்லா. கைபேசியின் கடைசி இலக்கமே அதைவிட நூறு மடங்காவது பெரியது. எண்ணூர் சாலை கண்டெய்னர் லாரிகள், துறைமுகக் கிரேன்கள், கும்மிடிப்பூண்டி லோக்கல், மெட்ரோ என்று வடசென்னையில் இரும்பும் மின்சாரமும் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. நல்ல கருவியே வாங்கி வைத்தாலும் இங்கே அது லாரியைத்தான் அளக்கும். காந்த ஆய்வகங்களை ஊருக்கு வெளியே, இரும்பாணிகூட அடிக்காத கட்டடத்தில் வைப்பது இதனால்தான். காசு செலவழிக்காதீர்கள்; அவர்களுடைய தரவை எடுப்போம்.

2. முன்கூட்டியே வேண்டியவை

ஒரு கணினி, இணையம், எக்செல் அல்லது பைத்தான். எக்செல் போதும், பைத்தான் தெரிந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

தரவு ஐந்து இடங்களிலிருந்து வேண்டும். காந்த ஆய்வகங்களின் நிமிடத் தரவு இன்டர்மேக்னெட் வலைத்தளத்தில் கிடைக்கும். வானம் அமைதியாக இருந்ததா என்று சொல்லும் கேபி எண் ஜெர்மனியின் ஜிஎஃப்இசட் மையத்தில் கிடைக்கும். கடல்மட்டப் பதிவை யுனெஸ்கோவின் கடல்மட்டக் கண்காணிப்புத் தளத்தில் எடுக்கலாம். ஆழ்கடல் மிதவைப் பதிவு அமெரிக்காவின் நோவா தளத்தில் இருக்கிறது. கடலாழம் ஜெப்கோ வரைபடத்தில் கிடைக்கும்.

இவற்றோடு ஒரு நோட்டும் பேனாவும். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் மூன்றாம் படியும் ஐந்தாம் படியும் காகிதத்தில்தான் நடக்க வேண்டும். கணினியில் எழுதிய எதிர்பார்ப்பை, கிராப்பைப் பார்த்த பிறகு நைசாகத் திருத்திவிடலாம். பேனாவால் எழுதியதை அடித்துத்தான் எழுத வேண்டும். அடித்தது கண்ணில் படும்.

3. எவ்வளவு வரும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்

தேடும் பொருளின் அளவு தெரியாமல் தேடினால், கண்ணில் படும் முதல் மேடு சுனாமி ஆகிவிடும். ஆகவே கிராப் திறக்கும் முன்பே எதிர்பார்க்கும் அளவு உங்களிடம் இருக்க வேண்டும்.

செங்குத்துத் திசையில் வரும் சுவட்டுக்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு:

சுவடு = செங்குத்துப் புலம் × (அலை உயரம் ÷ கடலாழம்) × குறைப்பு எண்

செங்குத்துப் புலம் என்பது அந்த இடத்தில் பூமிப் புலத்தின் மேல்கீழ்ப் பகுதி மட்டும். முழுப் புலத்தைப் போட்டுவிடாதீர்கள். கிடையாகத் தண்ணீர் ஓடும்போது செங்குத்துப் புலம்தான் பெரும்பங்கு வேலை செய்கிறது.

குறைப்பு எண் ஏன் வருகிறது? பிறந்த காந்தப்புலம் அப்படியே தங்காமல் கசிந்து பரவிவிடும். அலை வேகமாகப் போனால் கசிவதற்கு நேரம் கிடைக்காது. மெதுவாகப் போனால் பெரும்பகுதி கசிந்துவிடும். ஆகவே இரண்டு வேகங்களை ஒப்பிட வேண்டும். அலையின் வேகம், 9.8ஐ ஆழத்தால் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். கசியும் வேகம், 3,98,000ஐ ஆழத்தால் வகுத்தால் வரும். (கடல்நீரின் மின்கடத்துத்திறனை மீட்டருக்கு 4 சீமென்ஸ் என்று வைத்துச் சுருக்கிய எண் இது.) ஆழம் மீட்டரிலும் வேகம் நொடிக்கு மீட்டரிலும் இருக்க வேண்டும். இரண்டு வேகங்களின் வர்க்கங்களையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதனால் அலைவேகத்தை வகுத்தால் குறைப்பு எண் கிடைக்கும்.

நம் ஊரை வைத்தே போடுவோம். சென்னையில் காந்தப்புலம் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. தரையோடு சுமார் 10 டிகிரி சாய்வுதான். முழுப் புலம் 41,000 என்றாலும் செங்குத்துப் பகுதி ஏறத்தாழ 7,000 நானோடெஸ்லாதான். வங்கக்கடலில் 3,500 மீட்டர் ஆழத்தில் 60 செ.மீ. உயர அலை என்று வைப்போம். 2004 சுனாமியை இந்தியப் பெருங்கடலில் ஜேசன்-1 செயற்கைக்கோள் அளந்தபோது கிடைத்த உயரம் இந்த அளவில்தான் இருந்தது.

7,000 × 0.6 ÷ 3,500 = 1.2. அலைவேகம் 185, கசியும் வேகம் 114, குறைப்பு எண் 0.85. ஆக, சுவடு 1 நானோடெஸ்லா. அவ்வளவு பெரிய சுனாமிக்கு அவ்வளவுதான்.

இப்போது பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறு. "சார், கரைக்கிட்ட ஆழம் கம்மி, அலை பெருசு, அப்ப நிறைய வரணுமே" என்று 50 மீட்டர் ஆழத்தைப் போடுவார்கள். அங்கே அலை 1.7 மீட்டராக வளர்ந்திருக்கும். 7,000 × 1.7 ÷ 50 = 238 நானோடெஸ்லா! அறையே கைதட்டும். குறைப்பு எண்ணைப் போட மறந்துவிட்டார்கள். அந்த ஆழத்தில் அலைவேகம் 22, கசியும் வேகமோ 7,960. குறைப்பு எண் 0.0028. பெருக்கினால் 0.7கூட வராது. கரையருகே ஆழம் சட்டென மாறுவதால் இந்தச் சூத்திரமே அங்கே தோராயம்தான். ஆனாலும் 238 என்ற கனவைக் கலைக்க இது போதும். ஆழ்கடல்தான் இந்தச் சுவட்டின் வீடு.

4. நாளையும் நிலையத்தையும் தேர்ந்தெடுங்கள்

எல்லாரும் முதலில் கேட்பது 2004 டிசம்பர் 26. வியப்பில்லை, என் வகுப்பில் அன்று படகு இழந்த வீட்டுப் பிள்ளைகளே இருக்கிறார்கள். ஆனால் முதல் பயிற்சிக்கு அது சரிவராது. நம் பக்கத்தில் செங்குத்துப் புலம் குறைவு என்று இப்போதுதான் பார்த்தோம். தெற்கே திருநெல்வேலிப் பக்கம் காந்த நிலநடுக்கோடே போகிறது, அங்கே அது பூஜ்யத்தை நெருங்குகிறது. நிலநடுக்கம் நம் நேரம் காலை 6:28க்கு. சென்னைக் கரைக்கு அலை வந்தது ஒன்பது மணி வாக்கில். வெயில் ஏற ஏற வானத்தின் மின்னோட்டமும் ஏறுகிற நேரம் அது. சூரியனால் வரும் அன்றாட மாற்றமே பல பத்து நானோடெஸ்லா இருக்கும்போது ஒரு நானோடெஸ்லாவை எங்கே தேடுவது?

2011 மார்ச் 11 ஜப்பான் சுனாமி அடுத்த ஆசை. அலை பெரியதுதான், ஆனால் அன்று காந்தப் புயலும் சேர்ந்து வந்துவிட்டது. அதைப் பிரித்தெடுத்தவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் மூன்றாவது முயற்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பயிற்சிக்கு நான் தருவது 2010 பிப்ரவரி 27 சிலி சுனாமியும் ஈஸ்டர் தீவு ஆய்வகமும். அதன் குறியீடு ஐபிஎம். காரணங்கள்: தீவைச் சுற்றி ஆழ்கடல். செங்குத்துப் புலம் ஏறத்தாழ 20,000 நானோடெஸ்லா, நம்மைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அலை சேரும்போது அங்கே காலை நேரம், வெயில் உச்சிக்கு வரவில்லை. அங்கே ஏறக்குறைய 1 நானோடெஸ்லா சுவடு தெரிந்ததாக 2011இல் ஆய்வாளர்கள் வெளியிட்டும் இருக்கிறார்கள். விடை தெரிந்த கணக்கில்தான் உங்கள் வழிமுறை சரியா என்று சோதிக்க முடியும்.

மூன்றாம் படியின் கணக்கை இதற்கும் போடுங்கள். 3,000 மீட்டர் ஆழம், 20 செ.மீ. அலை என்று வைத்தால் எனக்கு 1.05 வருகிறது. உங்களுக்கு 10 வந்தால் சென்டிமீட்டரை மீட்டராக்கியதில் பிழை இருக்கும்.

5. நேரத்தைக் காகிதத்தில் எழுதுங்கள்

எல்லாத் தரவும் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னே ஓடுகிறது. அந்த ஐந்தரையைக் கூட்டுவதா கழிப்பதா என்பதில் வரும் குழப்பம் மட்டும் என் வகுப்பில் மூன்று குழுக்களின் முழு வேலையையும் தின்றிருக்கிறது. ஒரு குழு சுனாமி வருவதற்கு ஐந்தரை மணி முன்பே "சுவடு" கண்டுபிடித்து, கட்டுரையே எழுதிவிட்டது. உள்ளூர் நேரத்தை மறந்துவிடுங்கள், எல்லாம் யுடிசி.

சிலி நிலநடுக்கம் 06:34 யுடிசி. ஈஸ்டர் தீவு வரை தோராயமாக 3,600 கி.மீ. சராசரி ஆழம் 3,500 மீட்டர் என்றால் அலைவேகம் நொடிக்கு 185 மீட்டர், அதாவது மணிக்கு 667 கி.மீ. பயணம் சுமார் 5 மணி 24 நிமிடம். வருகை ஏறத்தாழ 12:00 யுடிசி. நோட்டில் எழுதுங்கள்: "12:00, முன்னே பின்னே அரை மணி. அளவு 1 நானோடெஸ்லா. அலைநேரம் 10 முதல் 40 நிமிடம்." (அலைநேரம் என்பது ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலான நேரம்.)

எழுதி, தேதி போட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்கச் சொல்கிறேன். நாடகம் மாதிரி இருக்கும், ஆனால் இதற்குப் பிறகு 10:20 மணி மேட்டைப் பார்த்து யாரும் துள்ளுவதில்லை.

6. ஃபைலைத் திறந்து துப்புரவு செய்யுங்கள்

ஒரே நாளை எடுக்காதீர்கள். 26, 27, 28 மூன்று நாள் எடுங்கள். ஃபில்டர் போடும்போது ஓரங்கள் கெட்டுப்போகும். நமக்கு வேண்டிய மணிநேரம் நடுவில் பத்திரமாக இருக்க வேண்டும்.

தரவில் பல தரங்கள் உண்டு. சரிபார்த்து முடித்த இறுதித் தரவையே இறக்குங்கள். ஃபைலின் மேலே சில தலைப்பு வரிகள் இருக்கும். நிலையம், அலகு, எந்தெந்தக் கூறுகள் என்பதெல்லாம் அங்கே. பொதுவாக எக்ஸ் வடக்கு, ஒய் கிழக்கு, இசட் கீழ்நோக்கி. சில நிலையங்கள் வேறு கூறுகளைத் தரும். தலைப்பைப் படிக்காமல் நான்காவது நெடுவரிசையை எடுத்து ஓடாதீர்கள்.

99999 என்ற எண் கண்ணில் படும். அது அளவீடு இல்லை. "இங்கே தரவு இல்லை" என்று அர்த்தம். அதைக் காலியாக்காமல் சராசரி எடுத்தால், ஒரே ஒரு நிமிடம் அந்த மணிநேரத்தையே ஆயிரக்கணக்கில் தூக்கிவிடும். காலியாக்கிய இடம் ஒன்றிரண்டு நிமிடமாக இருந்தால் இருபக்க எண்களை நேர்கோட்டில் இணைக்கலாம். பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஓட்டை இருந்தால் அந்த நிலையத்தை விட்டுவிடுங்கள். அந்த அளவு ஓட்டையை நிரப்புவது நீங்களே அலை வரைவது போல.

கூர்மையாக ஒரே நிமிடம் எகிறி இறங்கும் முள் இருந்தால் அதையும் எடுத்துவிடலாம். எடுத்ததை நோட்டில் குறியுங்கள்.

7. வானம் என்ன செய்தது என்று பாருங்கள்

இன்னும் ஃபில்டர் போடவில்லை. பொறுங்கள்.

கேபி எண் 0 முதல் 9 வரை, மூன்று மணி நேரத்துக்கு ஒன்று. 2க்குக் கீழே இருந்தால் தொடரலாம். 4க்கு மேல் போனால் முதல் பயிற்சிக்கு அந்த நாள் வேண்டாம்.

அடுத்தது எனக்குப் பிடித்த படி. அதே நாளுக்கு இன்னொரு நிலையத்தின் தரவையும் எடுங்கள். அது சுனாமி இன்னும் போய்ச் சேராத இடமாக இருக்க வேண்டும். தாஹித்தித் தீவின் பமத்தாய் ஆய்வகம், குறியீடு பிபிடி, பொருத்தம். ஈஸ்டர் தீவுக்கு அலை சேரும்போது தாஹித்திக்கு இன்னும் பல மணி நேரப் பயணம் பாக்கி.

இரண்டு கிராப்பையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். சூரியனிலிருந்தும் அயனமண்டலத்திலிருந்தும் (வளிமண்டலத்தின் மேலே மின்சாரம் கடத்தும் அடுக்கு) வரும் துடிப்பு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தெரியும். சுனாமி அலை அப்படி வராது. அது விமான வேகத்தில்தான் நகரும். 12:00 மணிக்கு இரண்டு தீவிலும் ஒரே மேடு இருந்தால் அது வானத்தின் வேலை. கிராப்பின் மேல் அளவுகோலை வைத்து நேராக ஒரு கோடு இழுத்தாலே தெரிந்துவிடும்.

நிலநடுக்கம் முடிந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு சின்னத் துடிப்பு தெரிந்தால் அதையும் சுனாமி என்று சொல்லிவிடாதீர்கள். தரை அதிர்வது ஒலியலையாக மேலேறி அயனமண்டலத்தை ஆட்டும். 2004இல் தாய்லாந்தின் பிமாய் நிலையத்தில் இப்படி 3.6 நிமிட அலைநேரத்தில் ஒரு துடிப்பு பதிவானது. பிமாய் உள்நாட்டில் இருக்கிறது, அங்கே கடலே இல்லை. அலைநேரம் நான்கு நிமிடம், வருகை கால் மணிக்குள் என்றால் அது மேலே போய்வந்த சத்தம்.

8. இப்போது ஃபில்டர்

எக்செலில் செய்வதானால்: ஒவ்வொரு நிமிடத்துக்கும், முன் முப்பது பின் முப்பது சேர்த்து 61 நிமிடச் சராசரி எடுத்து, அதை மூல எண்ணிலிருந்து கழியுங்கள். பகலில் சூரியனால் வரும் மெதுவான ஏற்ற இறக்கமும், ஓதத்தால் வரும் பன்னிரண்டு மணி நேர மாற்றமும் போய்விடும். பிறகு 5 நிமிடச் சராசரி எடுங்கள். பொடிச் சத்தம் அடங்கும். பைத்தானில் 10 முதல் 60 நிமிடம் வரை விடும் பட்டை வடிகட்டி போட்டால் இதே வேலை இன்னும் சுத்தமாக நடக்கும்.

எக்ஸ், ஒய், இசட் மூன்றுக்கும், இரண்டாவது நிலையத்துக்கும், கடல்மட்டப் பதிவுக்கும் ஒரே ஃபில்டர் போடுங்கள். ஒன்றுக்கு ஒரு மாதிரி போட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு தள்ளிப்போகும். பிறகு நேர ஒப்பீட்டுக்கே அர்த்தமில்லை.

இங்கே ஒரு குழி இருக்கிறது, தேர்ந்தவர்களே விழுகிறார்கள். நேரம் தள்ளிப்போகாமல் இருக்க முன்னும் பின்னும் ஓடுகிற ஃபில்டர்தான் போடுகிறோம். நடுவில் மையம் கொண்ட சராசரியும் அதே வகை. அது அலையை இரண்டு பக்கமும் கொஞ்சம் பூசிவிடும். 12:00க்கு வந்த அலையின் சாயல் 11:40லேயே எட்டிப்பார்க்கும். அதைப் பார்த்து "இருபது நிமிடம் முன்பே எச்சரிக்கை கிடைக்கிறது" என்று கிளம்பிவிடுவார்கள். ஃபில்டர் போடாத கிராப்பில் 11:40க்கு ஒன்றும் இல்லையென்றால், அது ஃபில்டர் பூசியது.

9. வானத்தின் பங்கைக் கழியுங்கள்

இசட் கூற்றைத்தான் நம்பப் போகிறோம். அலை உயரத்தோடு நேரடித் தொடர்பு உள்ளது அதுதான். ஆனால் தீவைச் சுற்றிலும் உப்புநீர் இருப்பதால், வானத்திலிருந்து வரும் கிடைத்திசைத் துடிப்பும் வளைந்து கொஞ்சம் இசட்டில் கலந்துவிடும்.

அந்தக் கலப்பு எவ்வளவு என்று தரவே சொல்லும். சுனாமிக்கு முந்தைய அமைதியான மணிநேரங்களை எடுத்து, இசட் = அ × எக்ஸ் + ஆ × ஒய் என்று பொருத்துங்கள். எக்செலில் லினெஸ்ட் என்ற கட்டளை இதைச் செய்யும். கிடைத்த அ, ஆ இரண்டையும் சுனாமி நேரத்து எக்ஸ், ஒய் மேல் போட்டு, வருவதை இசட்டிலிருந்து கழியுங்கள். மிச்சம்தான் கடலின் பங்குக்கு வேட்பாளர்.

பொருத்தும் கால அளவுக்குள் சுனாமி நேரத்தைச் சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் கணக்கு சுனாமியையும் வானம் என்று நினைத்து அதையும் தின்றுவிடும். ஒரு மாணவி இரண்டு வாரம் "ஒண்ணுமே வரல சார்" என்று உட்கார்ந்திருந்தாள். காரணம் இதுதான், முழு நாளையும் சேர்த்துப் பொருத்தியிருந்தாள்.

10. கடல்மட்டத்தோடு ஒப்பிடுங்கள்

நோட்டை எடுங்கள். நீங்கள் எழுதிய நேரத்திலும் அளவிலும் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் மட்டும் கடல்மட்டக் கிராப்பைப் பக்கத்தில் வையுங்கள்.

குறியில் கவனம். வடக்குப் பக்கம் இசட் கூட்டல். அலைமுகடு வரும்போது அது இன்னும் கூடும். ஈஸ்டர் தீவு காந்த நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, இசட் அங்கே கழித்தல். முகடு வரும்போது கழித்தல் இன்னும் ஆழமாகும். கிராப் கீழே இறங்கும். கடல் ஏறும்போது கிராப் இறங்குகிறதே என்று தரவைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

நேரத்தில் காந்தம் கொஞ்சம் முந்தும். எவ்வளவு என்பதும் மூன்றாம் படிக் கணக்கிலேயே இருக்கிறது. கசியும் வேகத்தை அலைவேகத்தால் வகுத்து, அந்த எண்ணை டான் மதிப்பாகக் கொண்ட கோணத்தைக் கண்டுபிடியுங்கள். 4,000 மீட்டர் ஆழத்தில் அது சுமார் 27 டிகிரி. 20 நிமிட அலைக்கு 27 ÷ 360 × 20 = ஒன்றரை நிமிடம். பிரெஞ்சு பாலினேசியக் கடலடியில் வைத்த கருவிகள் 2009 சமோவா, 2010 சிலி சுனாமிகளைப் பதிவு செய்தபோதும், கடல்மட்டத்தைவிடக் காந்தம் ஒரு நிமிடம் போல முந்தியே வந்தது. உங்கள் கிராப்பில் ஒன்றிரண்டு நிமிட முந்தல் என்றால் நம்பலாம். அரை மணி என்றால் எட்டாம் படிக்குத் திரும்புங்கள். நிமிடத்துக்கு ஒரு எண் உள்ள தரவில் ஒரு நிமிட முந்தலை அடித்துச் சொல்லவும் முடியாது; "ஒத்துப்போகிறது" என்று மட்டும் எழுதுங்கள்.

மேட்டுக்கு மேடு பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கரையோரக் கடல்மட்டக் கருவி பெரும்பாலும் துறைமுகத்துக்குள் இருக்கும். வாளியைத் தட்டினால் தண்ணீர் வெகுநேரம் ஆடுவதுபோலத் துறைமுகமும் தனக்கென்று ஓர் ஆட்டம் போடும். முதல் இரண்டு அலைகள் பொருந்தினால் போதும். ஆழ்கடல் மிதவைப் பதிவு கிடைத்தால் அதோடு ஒப்பிடுவது இன்னும் நல்லது.

11. சுனாமி வராத நாளில் இதையே செய்யுங்கள்

இதைத் தாண்டிக் குதிக்காதவர் என் வகுப்பில் இதுவரை இருவர்தான்.

அதே நிலையத்தில், கேபி குறைவான, சுனாமி இல்லாத பத்து நாட்களை எடுங்கள். ஒன்றையும் மாற்றாமல் ஆறாம் படி முதல் ஒன்பது வரை ஓட்டுங்கள். ஒவ்வொரு நாளும் 11:30க்கும் 14:00க்கும் இடையே மிகப் பெரிய மேடு எவ்வளவு என்று எழுதுங்கள். பத்தில் நான்கு நாளில் 1 நானோடெஸ்லா மேடு வந்தால், உங்கள் பிப்ரவரி 27 மேட்டுக்கு மதிப்பு குறைவு. எல்லா நாளும் 0.3க்குள் அடங்கினால், அப்போது பேசலாம்.

வகுப்பில் இதை வேறு மாதிரி செய்வேன். தேதியை மறைத்து இரண்டு ஃபைல் கொடுப்பேன், இரண்டுமே சுனாமி இல்லாத நாள். முக்கால்வாசிப் பேர் ஏதாவது ஒன்றில் சுனாமியைக் கண்டுபிடித்துக் காட்டுவார்கள், அம்புக்குறியெல்லாம் போட்டு. அதன் பிறகுதான் தொடக்கத்தில் எழுதிய ஃபில்டர் எச்சரிக்கை அவர்களுக்குப் புரிகிறது.

12. இதற்குப் பிறகு

ஈஸ்டர் தீவு கைவந்த பிறகு வங்கக்கடலுக்கு வரலாம். அந்தமானின் போர்ட் பிளேர், விசாகப்பட்டினம், புதுச்சேரி ஆகிய இடங்களில் இந்திய புவிக்காந்தவியல் நிறுவனத்தின் நிலையங்கள் இருந்துவருகின்றன. தரவு கேட்டு எழுத வேண்டும். எழுதும்போது மூன்றாம் படிக் கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து கேட்கிறவருக்குப் பதில் வரும்.

காந்தமானியை விட்டுவிட்டுக் கடலடிக் கேபிளில் மின்னழுத்தம் பார்க்கும் வழியும் உண்டு. 2004 சுனாமியை மாதிரியாக வைத்து இந்தியப் பெருங்கடலின் கேபிள்களுக்கு 2010இல் போட்ட கணக்கில் 500 மில்லிவோல்ட் வரை வரக்கூடும் என்று வந்தது. அது கணக்கு, நேரில் அளந்தது அல்ல.

கிராப்பில் எது தெரிந்தாலும் அதை வாட்ஸ்அப்பில் எச்சரிக்கையாகப் போடாதீர்கள். திருவொற்றியூரில் ஒரு தவறான தகவல் வந்தால் குப்பமே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடும், நான் பார்த்திருக்கிறேன். எச்சரிக்கை ஹைதராபாத்தின் இன்காய்ஸ் மையத்திலிருந்து, நில அதிர்வையும் கடல்மட்டக் கருவிகளையும் பார்த்து வரும்.

வேலை முடிந்ததும் மூல ஃபைல், துப்புரவு செய்தது, ஃபில்டர் போட்டது ஆகிய மூன்றையும் தனித்தனிப் பெயரில் வையுங்கள். பெயரிலேயே நிலையக் குறியீடும் யுடிசி தேதியும் இருக்கட்டும். மூல ஃபைலின்மேலேயே எழுதிவிட்டு, "எது ஒரிஜினல்னு தெரியல சார்" என்று வருகிறவருக்கு நான் சொல்லும் பதில், ஆறாம் படியிலிருந்து மறுபடி.